எழுந்து நடக்க ஓர் ஆள்

நெல்லையிலிருந்து செங்கோட்டை செல்லும் புகைவண்டியில் ஏறுவோர் இடப்பக்கச் சன்னலோரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எனச் சிறிது தூரம் தாமிரபரணியின் வயல்கள் நம்முடன் வருகின்றன. ஆழ்வார்குறிச்சியும் கீழக்கடையமும் கடந்தபின் மலைத்தொடர் நெருங்கி வந்து நிற்கிறது. பாவூர்சத்திரத்தை அண்டும்போது, ஆனி ஆடி மாதங்களாயின், காற்றின் குணமே மாறிவிடும். வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே முகத்தில் பன்னீர் தெளித்தாற்போல் தூறல் விழும். இதையே இவ்வட்டாரத்து மக்கள் 'சாரல்' என்கின்றனர்.

தமிழகத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் காலத்தில் இந்த மூலைக்கு மட்டும் இவ்வருள் வாய்த்திருப்பதற்குக் காரணம் மலையின் அமைப்பே. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளத்துச் சரிவில் கொட்டிவிடுகிறது. எஞ்சிய ஈரத்தைச் சுமந்துகொண்டு ஆரியங்காவுக் கணவாய் வழியே கிழக்கே நுழைகிறது. அக்கணவாயின் வாயிலில் அமர்ந்திருக்கின்றன தென்காசியும் குற்றாலமும்.

தென்காசி பழைய ஊர். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோவிலின் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணில் படும். 2019 நவம்பர் 22 முதல் இவ்வூர் தனி மாவட்டத்தின் தலைநகரமாகவும் இருக்கிறது. புனித மிக்கேல் அதிதூதர் ஆலயத்தில் காலைத் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, சென்ற ஆனி மாத இறுதியில் நாம் குற்றாலத்திற்குப் புறப்பட்டோம். நம்முடன் நம் பங்கின் மரியாயின் சேனை உறுப்பினரும் அவர்தம் குடும்பத்தினருமாக 27 பேர் இருந்தனர்.

அவர்களுள் இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் தச்சுத் தொழில் செய்து வந்த பெரியவர். நம் ஆலயத்தின் வாயிற்கதவுகள் அவர் கைவேலை. எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் கண்டு அவருடைய வலக்கையும் வலக்காலும் வலிமை இழந்தன. பேச்சும் சற்றுக் குழறியது. மற்றவர் இளம்பெண். தாயார் பீடி சுற்றிப் படிக்கவைத்த மகள். நான்கு ஆண்டுகள் கல்லூரியிலும் ஆறு மாதங்கள் மருத்துவமனைப் பயிற்சியிலும் கழித்து, இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்றுத் தென்காசியில் ஒரு சிகிச்சை நிலையத்தில் பணிபுரிகிறார். மக்கள் வழக்கில் பிசியோதெரபி என்று சொல்லப்படுவது இக்கலையே.

குற்றாலத்தை இங்கு விரிவாக வருணிக்கப் புகவில்லை. அப்பணியைத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடி என்றோ முடித்துவிட்டார். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி, சிற்றருவி, புலியருவி என அருவிகள் பல. மலைமேல் செண்பகாதேவியும் தேனருவியும் உள்ளன. பேரருவியின் நீர் மேலிருந்து நேரே வந்து விழுவதில்லை. நடுவில் 'பொங்குமாகடல்' என்னும் பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பின்னரே கீழே இறங்குகிறது. அதனாலேயே மனிதர் அதனடியில் நிற்க முடிகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வெள்ளையர்களும் உடல்நலம் தேடி இங்கு வந்து மாளிகை அமைத்துத் தங்கியதுண்டு.

உடல்நலம் தேடி வருதல் என்பது இவ்வூருக்குப் புதிதன்று. கடைவீதியில் நடந்தால் மூலிகை வேர்கள், தைலப் புட்டிகள், எண்ணெய் தேய்த்துவிடும் கூடங்கள் என வரிசையாகக் காணலாம். அருவி நீரில் எண்ணெயும் சோப்பும் கலப்பதை உயர்நீதிமன்றம் தடைசெய்துள்ளதால், எண்ணெய்க்காரர்கள் அருவியைவிட்டுச் சற்று ஒதுங்கியிருக்கின்றனர். உழைத்துக் களைத்த உடலுக்கு அவர்கள் தேய்ப்பு இதமளிப்பதை நாம் மறுக்கவில்லை. எண்ணெய் பூசுதலைத் திருச்சபையும் ஓர் அருட்சாதனமாகவே கொண்டிருக்கிறது! ஆனால் எதற்கு எது மருந்து என்ற தெளிவு வேண்டும். அன்று பேரருவிக்கு முன்னால் எழுந்த வழக்கு அதைப் பற்றியதே.

பெரியவரின் மூத்த மகன் நம்மிடம் வந்து, "சாமி, அப்பாவை ஒரு தடவை பேரருவிக்கு அடியில் நிறுத்திவிட்டால் போதும். தண்ணீர் விழுகிற வேகத்தில் மரத்துப்போன நரம்பெல்லாம் விழித்துக்கொள்ளும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாங்கள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்கிறோம்" என்றார். அதற்காகவே தந்தையை அழைத்து வந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தோம். எண்ணெய் தேய்க்க ஓர் ஆளையும் பேசி வைத்திருந்தார்.

நாம் மறுமொழி சொல்லும் முன்னரே அப்பெண் குறுக்கிட்டார். "அண்ணே, தாத்தாவுக்கு வலப்பக்கம் தொடுவுணர்ச்சியே குறைவு. தண்ணீர் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கழுத்திலும் தோளிலும் அந்தப் பாரம் விழுந்தால் என்ன ஆகும்? பாறை வழுக்கினால் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். இரத்த அழுத்தம் வேறு இருக்கிறது" என்றார். மகன் முகம் வாடியது. "அப்படியானால் இவ்வளவு தூரம் வந்தது வீணா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபத்தைவிட ஏக்கமே மிகுந்திருந்தது. எட்டு மாதங்களாகத் தந்தையைச் சோறூட்டி, துடைத்து, தூக்கிப் படுக்கவைத்து வரும் மகன் அவர். அன்பில் குறையேதும் சொல்ல முடியாது.

அருவியின் வேகத்தை எளிதாக எண்ணலாகாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பள்ளி மாணவன் ஒருவனை அடித்துச் சென்றதை நாம் மறக்கவில்லை. நல்ல உடலினரையே இழுத்துச் செல்லவல்ல நீர் அது.

இறுதியில், நீர் அமைதியாக ஓடும் ஓரிடத்தில் ஒரு கல்லின் மேல் பெரியவரை அமர்த்தி, கால்களை மட்டும் நீரில் நனையவிட்டோம். அப்பெண் அவரருகே அமர்ந்தார். வலப்பாதத்தின் அடியில் தம் கையை வைத்து, "தாத்தா, என் கையை அமுக்குங்கள் பார்ப்போம்" என்றார். ஒன்றும் நிகழவில்லை. "இன்னொரு தடவை." ஒன்றுமில்லை. ஏழாம் முறையோ எட்டாம் முறையோ, "அமுக்கினீர்கள், தாத்தா! எனக்குத் தெரிந்தது" என்றார். நம் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் பெரியவரின் முகத்தில் தெரிந்தது.

யெருசலேமில் ஆட்டுவாயிலின் அருகே ஐந்து மண்டபங்களுடன் இருந்த பெத்சதா குளத்தை நற்செய்தியாளர் யோவான் நமக்குக் காட்டுகிறார். அக்கரையில் 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தான் ஒருவன். குணம்பெற விருப்பமா என்று ஆண்டவர் அவனை வினவுகிறார். அவன் விருப்பம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆளில்லை என்னும் குறையைத்தான் சொல்கிறான். மறையுரைகளில் நாம் பெரும்பாலும் அவனது விசுவாசக் குறைவையே பேசுகிறோம். குற்றாலத்தில் அக்கல்லருகே நின்றபோது அவன் சொன்ன குறையே நம் செவியில் ஒலித்தது. நீருக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். லூர்து நகரில்கூட நோயாளரின் சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்லும் தொண்டர்கள் இல்லாவிடில் பலர் கெபியை எட்டியும் பார்க்க இயலாது.

அப்படியாயின் இந்த 'ஆள்' செய்வது என்ன? அன்று மாலை தங்கும் விடுதியின் தாழ்வாரத்தில் அப்பெண்ணை அமர்த்தி நம் மக்கள் கேட்ட கேள்விகள் பல. அவர் விளக்கியதை நம் சொற்களில் தருகிறோம்.

பக்கவாதத்தில் நோயுறுவது கையுமன்று, காலுமன்று, மூளை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ ஒரு பகுதி அழிந்துபோகிறது. அடைப்பினால் வந்ததாயின் நாலரை மணி நேரத்திற்குள் தக்க மருத்துவமனையை அடைந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி பயன்தரக்கூடும். ஆதலால் வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. அழிந்த பகுதி மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆனால் அண்டைப் பகுதிகள் அதன் வேலையைக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் பெற்றவை. படைத்தவர் அவ்வாறு அமைத்திருக்கிறார். கற்பது எவ்வாறு? குழந்தை எழுதப் பழகுவதுபோல, திரும்பத் திரும்பச் செய்து. ஒருவர் நம் காலைப் பிடித்து நீவிவிடும்போது நம் மூளை கற்பது சொற்பமே. நாமே அசைக்க முயலும்போது, அம்முயற்சி வெளியே தெரியாவிடினும், மூளை பாடம் படிக்கிறது. எண்ணெய்த் தேய்ப்புக்கும் இயன்முறை மருத்துவத்துக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் அடங்கியிருக்கிறது.

நிலைமை சீரானவுடன், மருத்துவர் அனுமதித்தால் ஓரிரு நாட்களிலேயே, நோயாளியை உட்காரவைக்கத் தொடங்குவர். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். பின்னர் மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை. நம் தச்சர் வீட்டில் நடந்தது என்ன? மருத்துவமனையில் கற்றுக்கொடுத்த பயிற்சிகளைப் பத்து நாள் செய்தனர். பிறகு உறவினர் வந்து, "நோயாளியைப் போட்டுப் படுத்தாதே, ஓய்வாக இருக்கட்டும்" என்றனர். அவ்வளவுதான்.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு வீடுவீடாகச் செல்லும் நமக்கு இவ்வோய்வின் விளைவு நன்கு தெரியும். மார்போடு மடங்கி இறுகிவிட்ட கைகள். உள்ளங்கையில் நகம் பதியுமளவு மூடிய விரல்கள். நுனி கீழ்நோக்கிச் சரிந்துபோன பாதங்கள். முதுகில் புண். இவற்றுள் பல நோயின் குற்றமல்ல, அசையாமையின் குற்றம். தசை நாளடைவில் குறுகிவிடுகிறது, மூட்டு பூட்டிக்கொள்கிறது. பிறகு மூளை கற்றுக்கொள்ள ஆயத்தமாக இருந்தாலும் கை இடங்கொடுப்பதில்லை.

அன்பினால் செய்யும் தவறுகளாக அப்பெண் சிலவற்றைச் சொன்னார். நோயாளியைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறோம்; தளர்ந்த தோள்மூட்டு அதனால் நழுவி, பிறகு தீராத வலி தருகிறது. கையை இழுக்காமல் இடுப்பையும் தோள்பட்டையின் பின்புறத்தையும் தாங்கியே எழுப்ப வேண்டும். படுத்தவரை இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிடில் புண் வரும். இரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வது பல வீடுகளில் வழக்கம். விரல்கள் ஏற்கெனவே இறுகியிருப்பவருக்கு அது இறுக்கத்தைக் கூட்டவும் கூடும். அவருக்குத் தேவை விரல்களை விரிக்கும் பயிற்சி. இடக்கை நன்றாக இருக்கையில் அவருக்குச் சோறூட்டவும் வேண்டியதில்லை. சிந்தினால் சிந்தட்டும்.

கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "பக்கவாதம் இருக்கட்டும், என் முழங்காலுக்கு என்ன வழி?" என்றார். "ஆச்சி, தொடைத் தசைக்குப் பலம் கொடுத்தால் முழங்காலின் பாரம் குறையும்" என்று நாற்காலியில் அமர்ந்தபடியே காலை நீட்டி மடக்கும் பயிற்சியை அப்பெண் செய்து காட்டினார். நீரிழிவு உள்ளவருக்குத் தோள் இறுகிப்போவதும், எலும்பு கூடிய பின்னும் மூட்டு மடங்க மறுப்பதும், சளி கட்டிய நுரையீரலைத் தெளியவைப்பதும் இவர்கள் துறையைச் சார்ந்தவையே. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றில் மூச்சுத்திணறியோரைக் குப்புறப் படுக்கவைத்தும் மூச்சுப்பயிற்சி தந்தும் உதவியவர்களுள் இயன்முறை மருத்துவர்களும் இருந்தனர். அந்நாட்களில் நாம் அவர்களை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

மறுநாள் ஆய்க்குடிக்குச் சென்றோம். தென்காசிக்கு அண்மையில், அனுமன் நதிக்கரையில் உள்ள பேரூர் அது. முருகன் கோவிலால் முன்பே அறியப்பட்ட அவ்வூருக்கு இன்று இன்னொரு காரணத்தாலும் மக்கள் வருகின்றனர். அமர் சேவா சங்கம் அங்கேதான் இருக்கிறது.

அவ்வூரைச் சேர்ந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ளப் பெங்களூர் சென்றார். தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சிதைந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. இருபது வயது இளைஞர்! படைத்துறை மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சையளித்து நம்பிக்கையூட்டியவர் மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல். ஊர் திரும்பிய இராமகிருஷ்ணன், ஐக்கிய நாடுகள் அவை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981-இல், அம்மருத்துவரின் பெயரால் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர், தசைச்சிதைவு நோயினால் சக்கர நாற்காலியில் இயங்கிய பட்டயக் கணக்காளர் திரு. எஸ். சங்கரராமன் அவருடன் இணைந்தார். 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பிறர் தூக்கி உட்காரவைக்க வேண்டிய நிலையிலிருந்த ஒருவர் ஆயிரக்கணக்கானோரை எழுப்பி நிறுத்தும் நிலையத்தை உருவாக்கியிருக்கிறார். அங்கே தண்டுவடம் பாதிக்கப்பட்டோர்க்கான மறுவாழ்வுப் பிரிவு உண்டு, காலிப்பர், சக்கர நாற்காலி முதலியவற்றைச் செய்யும் பணிமனை உண்டு, பள்ளியும் உண்டு. நாம் நெடுநேரம் நின்றது குழந்தைகளுக்கான பகுதியில். பிறக்கும்போது மூச்சுத்திணறியோ, குறைமாதத்தில் பிறந்தோ மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளைத் தாய்மார் மடியில் வைத்திருந்தனர். ஒரு பெரிய பந்தின் மேல் குழந்தையைக் கிடத்தி மெல்ல உருட்டுகின்றனர். தலையை நிமிர்த்தக் குழந்தை பாடுபடுகிறது. வெளியாருக்கு அது விளையாட்டு. தாய்க்குத் தெரியும், அக்கழுத்து நிமிர்வதற்காக எத்தனை நாள் உருட்டியிருக்கிறோம் என்று.

அந்நிலையத்தின் பணி வாயிற்கதவோடு முடிவதில்லை என்பது நம்மைக் கவர்ந்தது. கிராமங்களில் வாழும் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து வீடுகளுக்கு அனுப்புகின்றனர். 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்னும் கைபேசிச் செயலியில் அவர்கள் குழந்தையின் நிலையைப் பதிந்து வர, துறை வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகின்றனர். வாரத்திற்கு ஒருமுறை பேருந்தேறி நகருக்கு வர இயலாத ஏழைத் தாய்க்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு செய்தி. நான்கு மாதமாகியும் குழந்தையின் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் தானாக உட்காரவில்லை, பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால், "எங்கள் குடும்பத்தில் எல்லாருமே தாமதமாகத்தான் நடந்தோம்" என்று ஆறுதல் தேடிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊரார் கண்ணுக்கு அஞ்சி இத்தகைய குழந்தைகளைப் பின்கட்டில் வளர்க்கும் இல்லங்கள் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு. திருமுழுக்கன்று பார்த்த குழந்தையைப் புது நன்மை வாங்கும் வயதுவரை ஆலயத்தில் பாராமலே இருந்த அனுபவம் பங்குத்தந்தையர் பலருக்கும் இருக்கும்.

ஆய்க்குடியில் நின்றபோது வேலூரும் நம் நினைவுக்கு வந்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஊர்தி விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. ஆய்க்குடியில் ஓர் இந்து இளைஞர். வேலூரில் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. இருவரையும் ஆண்டவர் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார் போலும்.

இயன்முறை மருத்துவம் என்னும் தொழிலுக்கு நெடிய வரலாறு உண்டு. 1894-இல் இலண்டனில் செவிலியர் நால்வர் கூடி இதற்கெனச் சங்கம் அமைத்தனர். உலகப் போர்களில் காயமுற்ற வீரர்களும் போலியோ கண்ட குழந்தைகளும் இதன் தேவையை உலகுக்கு உணர்த்தினர். நம் நாட்டில் 1950-களின் தொடக்கத்தில் மும்பையில் இதற்கான முதல் பள்ளி தோன்றியதற்கும் போலியோவே காரணம். அந்நோய் கடைசியாக இந்தியாவில் ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 சனவரியில். ஒரு நோய் ஒழிந்தும் வேலை ஒழியவில்லை. முதியோர் பெருகினர், சாலை விபத்துகள் பெருகின. 2021-இல் நடுவணரசு இயற்றிய சட்டத்தினால் இத்துறையினரும் ஒரு தேசிய ஆணையத்தின்கீழ் வந்தனர். ஆதலின் பெயர்ப்பலகையைக் கண்டு மயங்காமல், பட்டமும் பதிவும் உண்டா என்று கேட்பதில் தவறில்லை. மூன்று மாதப் பயிற்சியோடு கடை திறப்போரும் இருக்கின்றனர்.

பணமில்லாதோர் என்ன செய்வது என்ற கேள்வி எழும். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையிலிருப்போரின் வீட்டிற்கே இயன்முறை மருத்துவர் செல்வதும் சேர்க்கப்பட்டது. நம் பங்கில் விசாரித்தபோது, அப்படியொரு வசதி உண்டென்று அறிந்திருந்த குடும்பங்கள் நான்கே. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

திரும்பும் வழியில் பாவூர்சத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தேநீருக்காக இறங்கினோம். திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தனர். தென்காசி மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் காணும் காட்சிதான் இது. குனிந்த கழுத்து, வளைந்த முதுகு, ஓயாத விரல்கள். ஆயிரம் பீடி முடியும்வரை எழுந்திருப்பதில்லை. நம்முடன் வந்த பெண் வண்டியிலிருந்து இறங்கியவர் தேநீரை மறந்து ஒரு திண்ணையில் அமர்ந்துவிட்டார். "அக்கா, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். தோளைப் பின்னால் இழுத்துப் பத்து எண்ணுங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள்" என்று செய்து காட்டினார். அவருள் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அரை மணிக்கு ஒரு தடவை எழுந்தால் கணக்கு யார் முடிப்பது தாயி?" என்றார். அதற்கு அவரிடம் மறுமொழி இல்லை. வண்டியில் ஏறிய பின்பும் நெடுநேரம் பேசாமலிருந்தார். இருபது ஆண்டுகள் இவ்வாறு குனிந்திருந்த தம் தாயின் கழுத்து வலியை இப்போது அவரே பார்த்து வருகிறார். கூலி எண்ணிக்கையில் அளக்கப்படும்வரை இந்த முதுகுகளுக்கு இயன்முறை மருத்துவம் மட்டும் போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தச்சர் வீட்டுச் செய்தியை அறிய வாசகர்கள் விரும்பக்கூடும். குற்றாலத்திலிருந்து திரும்பிய வாரமே அப்பெண் அங்குச் சென்றார். "தாத்தா, எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்டாராம். உளி பிடிக்க என்று சொல்வாரென நாம் எண்ணியிருந்தோம். குழறிய சொற்களில் அவர் சொன்னது வேறு: சிலுவை அடையாளம் வரைய வேண்டும், வலக்கையால். இடக்கையால் வரைவது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

அதையே பயிற்சியாக வகுத்துவிட்டார் அப்பெண். மேசை மேல் துணியை விரித்து, கையை அதில் வைத்து முன்னும் பின்னும் தள்ளுதல். இடக்கையால் வலக்கையைத் தாங்கி மார்புவரை உயர்த்துதல். பிறகு தாங்காமலே உயர்த்த முயலுதல். குடும்பத்தினர் எண்ணிக்கை மறந்துவிடுகிறோம் என்றபோது, செபமாலையில் ஒரு பத்தை எண்ணச் சொன்னார். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பத்து, நாளுக்கு ஐந்து பத்து. ஒரே மன்றாட்டை ஐம்பது தடவை சொல்வதில் சலிப்படையாத வீட்டில் ஒரே அசைவை ஐம்பது தடவை செய்வது கடினமாகத் தோன்றவில்லை. மகன் வேலைக்குச் செல்லும்முன் ஒருமுறையும், மருமகள் பிற்பகலில் ஒருமுறையும், பேரன் பள்ளிவிட்டு வந்தபின் ஒருமுறையும் உடனிருக்கின்றனர். எண்ணெய்க்காரரையும் நிறுத்தவில்லை, குளிக்கும் முன் அவர் வந்து தேய்த்துவிட்டுப் போகிறார். அதனால் கேடில்லை என்று அப்பெண்ணும் விட்டுவிட்டார்.

ஐப்பசி முதல் வெள்ளியன்று நற்கருணையுடன் சென்றோம். பெரியவர் படுக்கையில் இல்லை. சன்னலருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார். மருமகள் பின்னால் நின்றாலும் தாங்கவில்லை. நாம் பிதா, சுதன் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது அவருடைய வலக்கை மெல்ல எழுந்தது, மார்பைத் தாண்டியது, நடுங்கிற்று, மோவாயருகே வந்து நின்றது. முடியும்வரை காத்திருந்தோம். நெற்றிக்கு இன்னும் நான்கு விரற்கடை தூரம் இருக்கிறது.